கேசட் மேல் என்ன எழுதியிருக்கிறது?

செருப்புக்கடை அட்டைப்பெட்டி ஒன்று. உள்ளே இருபது, முப்பது கேசட். மேல்தாளில் பால்பாயின்ட் பேனாவில் ‘சார் – எக்கனாமிக்ஸ் – 2’ என்று மட்டும் எழுதியிருக்கும். எந்த சார், எந்த வருடம், பி.ஏ. வகுப்பா எம்.ஏ. வகுப்பா, ஒன்றாம் எண் கேசட் எங்கே போனது, ஒரு தகவலும் இருக்காது. சேலம், நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் என்று இந்தச் சமவெளியில் கலைக் கல்லூரி உள்ள எந்த ஊரிலும், ஓய்வுபெற்ற பேராசிரியர் வீட்டுப் பரணிலோ துறை அறையின் இரும்பு பீரோவிலோ இப்படி ஒரு பெட்டி அகப்படலாம்.

“இதையெல்லாம் யூடியூப்ல போட்டுடலாமே” என்று யாராவது சொல்வார்கள். சொன்னவர் பெரும்பாலும் துறையிலேயே இளையவராக இருப்பார்: கௌரவ விரிவுரையாளர், நூலக உதவியாளர், ஆராய்ச்சி மாணவர். சொன்ன வாய்க்கே வேலையும் வந்து சேரும். இந்தக் கட்டுரை அவருக்காக.

இணையத்தில் ஏற்றுவது அரைமணி நேர வேலை. அதற்கு முன்னால் கிடப்பது மாதக்கணக்கான வேலை. அதில் பெரும்பகுதி, அன்றைக்குக் கேசட் மேல் எழுதாமல் விட்டதை இன்றைக்கு எழுதி முடிப்பது. ‘சும்மா அப்லோடுதானே’ என்று இறங்கியவர் மூன்றாவது கேசட்டில் சலித்து, பெட்டியைப் பழையபடி பீரோவுக்கு அனுப்பிவிடுவார்.

கிளாஸ்கோவில் இரண்டு நோட்டு

பொருளியல் பேராசிரியரின் வகுப்பை மாணவர்கள் பதிந்து வைப்பது கேசட் வந்தபிறகு பிறந்த பழக்கம் இல்லை. ஆடம் ஸ்மித் 1751 முதல் 1764 தொடக்கம் வரை கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1790-ல் இறப்பதற்குச் சில நாள் முன்பு தம் கையெழுத்துப் படிகளை எரித்துவிடச் சொன்னார், நண்பர்களும் எரித்தார்கள். சட்டம், அரசு, வரி பற்றி அவர் வகுப்பில் சொன்னதெல்லாம் அதோடு போயிருக்க வேண்டும். மாணவர்களின் நோட்டுகள் காப்பாற்றின. ஒரு நோட்டு 1895-ல் எட்வின் கேனன் என்ற பொருளியலாளரின் பார்வைக்கு வந்து, அடுத்த ஆண்டே அச்சானது. இன்னொன்றை 1958-ல் ஜான் லோதியன் என்பவர் ஸ்காட்லாந்தில் ஒரு பழைய மாளிகையின் புத்தகங்கள் விற்பனைக்கு வந்தபோது கண்டெடுத்தார்.

முதல் நோட்டின் முகப்பில் 1766 என்று இருக்கிறது. ஸ்மித்தோ 1764-லேயே கிளாஸ்கோவை விட்டுப் போய்விட்டார். ஆக, அது யாரோ படியெடுத்த ஆண்டு. வகுப்பு நடந்த ஆண்டு எது என்று அறிஞர்கள் உள்ளடக்கத்தை வைத்துத் துப்புத் துலக்க வேண்டியிருந்தது. இரண்டாவது நோட்டின் மாணவர் கெட்டிக்காரர். 1762 டிசம்பர் 24, வெள்ளிக்கிழமை என்று தொடங்கி வகுப்புக்கு வகுப்பு தேதி போட்டிருக்கிறார். ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ 1776-ல் அச்சாவதற்குப் பதின்மூன்று ஆண்டு முன்பே, வேலைப் பிரிவினை பற்றி அவர் வகுப்பில் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அந்தத் தேதிகளால் தெரிகிறது.

இப்படிக் குறித்து வைப்பதன் பயனுக்கு நம் பக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ‘இந்தியப் பொருளியல்’ பாடத்துக்கு முதல் பேராசிரியராக 1915-ன் இறுதியில் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தார். அது 1918-ல் புத்தகமாயிற்று. ஊர்ப்பெயரும் காலமும் தெளிவாக இருந்ததால்தான், பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறு ஆய்வு செய்து 1940-ல் வெளியிட முடிந்தது. இருபது ஆண்டில் ஓர் ஊர் எப்படி மாறிற்று என்று ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறந்தது. ‘தெற்கே ஒரு கிராமம்’ என்று எழுதி வைத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்?

யாரைக் கேட்க வேண்டும்?

வகுப்பறைப் பதிவுக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடலாம்: பேசியவர், பதிவு செய்தவர், பேசியவருக்குச் சம்பளம் கொடுத்தவர். 1957-ம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் மூவரையும் தொடுகிறது. விரிவுரை சட்டத்தின் கண்ணில் ஒரு படைப்பு. அதை ஆற்றுபவர், பாடகர், நடிகர்களோடு சேர்த்து ‘நிகழ்த்துநர்’ என்ற வகையிலும் வருகிறார். ஒலிப்பதிவுக்கு, அதைப் பொறுப்பெடுத்துச் செய்தவருக்குத் தனி உரிமை. ஊழியர் பணியின் பகுதியாக உருவாக்கியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குப் போகும் என்றும் ஒரு பிரிவு சொல்கிறது. அது வகுப்புப் பாடத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வக்கீல்கள் வாதாடட்டும். நீங்கள் குடும்பத்திடம் ஒரு கடிதம், கல்லூரி முதல்வரிடம் ஒரு கடிதம், பதிந்தவர் யாரென்று தெரிந்தால் அவரிடமும் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். வாதமே வராது.

மூன்று சமாதானங்களை அடிக்கடி கேட்கிறேன். ‘சார் காலமாகிப் பல வருடம் ஆச்சே’ என்பது முதலாவது. படைப்பாளி இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. 1995-ல் காலமானவரின் பாடத்துக்கு 2055 முடிய உரிமை இருக்கும். ‘நான்தானே பதிவு பண்ணினேன்’ என்பது அடுத்தது. நாடா உங்களுடையது, அதிலுள்ள பேச்சு அவருடையது. ‘கல்விக்காகத்தானே’ என்பது மூன்றாவது. பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் படியெடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது; டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016-ல் அந்தச் சலுகையைத் தாராளமாகவே பொருள்கொண்டது. ஆனால் அது வகுப்புக்கான பாடத்தொகுப்பு பற்றிய வழக்கு. உலகமே பார்க்கும் இடத்தில் நிரந்தரமாக வைப்பதற்கு அதை நம்பி இறங்காதீர்கள்.

இன்னொரு சிக்கல் உள்ளேயே இருக்கும். நம் கல்லூரிகளில் ‘நோட்ஸ் கொடுப்பது’ என்று ஒன்று உண்டு. பேராசிரியர் ஏதோ ஒரு பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் சொல்ல, வகுப்பு எழுதும். அந்தப் பகுதி அவருடைய பாடமே இல்லை, பாடநூல் ஆசிரியருடையது. அதை வெளியிடாமல் விடுங்கள். கேட்பவருக்கும் அதில் நஷ்டமில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “இப்ப இதைத் தமிழ்ல சொல்றேன், கேளுங்க” என்று தொடங்குகிறாரே, அங்கேதான் அவர் இருக்கிறார்.

கேட்கப் போகும்போது போனில் கேட்காதீர்கள், நேரில் போங்கள். முதல் நாளே கையெழுத்துத் தாளை நீட்ட வேண்டாம். “அம்மா, சாரோட கிளாஸ் கேசட் முப்பது கிடைச்சிருக்குதுங்க. உங்களைக் கேக்காம ஒண்ணும் பண்ணமாட்டோமுங்க” என்று சொல்லி, ஐந்து நிமிடம் போட்டுக் காட்டுங்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “ஏன் கண்ணு, அவரு பசங்களைத் திட்டறதெல்லாம் இதுல இருக்குதா?” இருந்தது. நிறைய இருந்தது.

அந்தக் கேள்வி நல்ல கேள்வி. வகுப்பறையில் பேராசிரியர் மட்டும் இருப்பதில்லை. பெயர் சொல்லித் திட்டு வாங்கிய மாணவர் இன்றைக்கு ஒரு வங்கியில் மேலாளராக இருக்கலாம். ஊர், சாதி, அப்பா தொழில் சொல்லி அடித்த கிண்டல், அன்று சிரிப்பு வாங்கியிருக்கும். இன்று அடையாளம் தெரிகிற ஒருவரைக் காயப்படுத்தும். சக ஆசிரியர் பற்றிய வம்பும் இருக்கும். வெளியிடும் பிரதியில் இவற்றை வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் ‘இங்கே 40 விநாடி நீக்கப்பட்டது’ என்று குறிப்பு எழுதுங்கள். மூலப் பிரதியில் கை வைக்கக் கூடாது.

அனுமதிக் கடிதம் ஒரு பக்கம் போதும். எந்தெந்தக் கேசட், எந்தத் தளம், விளம்பர வருமானம் வருமா வந்தால் யாருக்கு, மற்றவர் எடுத்துப் பயன்படுத்தலாமா, பின்னால் நீக்கச் சொன்னால் யார் எத்தனை நாளில் நீக்குவது: இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். எல்லா வாரிசும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகன் மின்னஞ்சலில் ‘சம்மதம்’ என்று எழுதினால் அதையும் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். மற்றவரும் எடுத்துப் பயன்படுத்த இடம் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடுவதாக இருந்தால், கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதைக் குடும்பத்துக்கு விளக்கிச் சொல்லிவிடுங்கள். நீக்குவது என்பதும் அரைகுறைதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் 2014 டிசம்பரில் புகழ்பெற்ற ஓர் இயற்பியல் பேராசிரியரின் பாடங்களைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது, அவருடைய நடத்தை குறித்த விசாரணைக்குப் பின். ஏற்கெனவே படியெடுத்தவர்கள் போட்ட பிரதிகள் வேறு இடங்களில் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

உயிரோடு இருக்கும் பேராசிரியர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஸ்மித் எரிக்கச் சொன்னது நினைவிருக்கட்டும்.

நாடாவை ஓட்டுவது

சேலத்துக்கு ஒலிப்பதிவு புதிதில்லை. டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இங்கேதான் நூற்றுக்கும் மேல் படம் எடுத்தது. ஏற்காடு சாலையில் இப்போது அதன் முகப்பு வளைவுதான் நிற்கிறது. சினிமா அளவுக்கு வகுப்பறைக்கு யாரும் மெனக்கெடவில்லை. முன் பெஞ்சில் வைத்த பேட்டரி டேப் ரெக்கார்டர்தான் நமக்கு வாய்த்த ஒலிப்பதிவுக் கூடம்.

கேசட்டை எடுத்ததும் முதல் வேலை: நாடா தெரியும் பக்கத்துக்கு எதிர் விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்கள். இனித் தவறி ‘ரெக்கார்ட்’ அழுத்தினாலும் அழியாது. வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் ஓட்டவே வேண்டாம், தனியே எடுத்து வையுங்கள்; அது மற்றக் கேசட்டுக்கும் டெக்கின் ஹெட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். கேசட் செட் ரிப்பேர் பார்த்த பழைய கடைக்காரர் யாராவது ஊரில் இருந்தால் அவரை நட்பாக்கிக்கொள்ளுங்கள். ஹெட் சுத்தம் செய்யவும் பெல்ட் மாற்றவும் அவரைவிட்டால் ஆளில்லை.

மலிவான யுஎஸ்பி கேசட் பிளேயரைத் தவிர்த்து, நல்ல பழைய டெக் ஒன்றைத் தேடி, அதை ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினியில் இணையுங்கள். ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். மூலப் பிரதியை வேவ் வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுங்கள். ஸ்டீரியோவில் மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல் வரும், மோனோவில் அதில் பாதி. இணையத்துக்கு 64 கேபிபிஎஸ் எம்பி3 போதும், மணிக்கு 29 எம்பிக்குள் அடங்கிவிடும். பஸ்ஸில் போகும் மாணவரின் டேட்டாவையும் நினைக்க வேண்டும்.

நேரக் கணக்கில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். 90 நிமிடக் கேசட் ஓடி முடிய 90 நிமிடம் ஆகும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. 40 கேசட் என்றால் 60 மணி நேரம், அதுவும் ஒன்றும் சிக்காமல் ஓடினால். வெளியாருக்குச் செய்து கொடுக்கும் ஸ்டுடியோக்காரர் கேசட் எண்ணிக்கையில் விலை சொல்லாமல் மணிக் கணக்கில் சொல்வதே இருவருக்கும் நல்லது.

பேட்டரி இறங்கிய ரெக்கார்டரில் பதிந்திருந்தால், இப்போது ஓட்டும்போது சார் குரல் கீச்சென்று வேகமாக வரும். எவ்வளவு வேகம் குறைப்பது என்று திரையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அவரிடம் படித்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். “இன்னும் கொஞ்சம்… இன்னும் கொஞ்சம்… ஆங், இதுதான் சார்” என்று அவர் சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். மின்விசிறி இரைச்சலையும் இதே நிதானத்தில் குறையுங்கள். முழுவதும் துடைத்தால் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். பீரியட் மணி, காக்கை, வெளியே பஸ் ஹாரன் எல்லாம் இருக்கட்டும்.

பாடம் முடிந்த அடுத்த நொடி, அதே நாடாவில் முன்பு பதிந்திருந்த சினிமாப் பாட்டு பாதியில் எழும்பும். கேசட் காசைச் சேமித்த காலம். அந்தப் பத்து விநாடியை மறந்து ஏற்றினால் யூடியூபின் தானியங்கிச் சோதனை பாட்டைப் பிடித்து உங்கள் பாடத்தின் மேல் உரிமைக் கோரிக்கை போட்டுவிடும்.

குறிப்பு எழுதுவது

முக்கியமான வேலைக்கு வந்தோம். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டும்: பேராசிரியர் பெயர், கல்லூரி, வகுப்பு, தாள், பாடப்பகுதி, தேதி, பதிந்தவர், மொழி, நீளம், எதில் பதிந்தது, என்ன வெட்டப்பட்டது. தேதி தெரியாவிட்டால் ஊகித்து எழுதி, ஊகம் என்றும் அதற்குக் காரணத்தையும் எழுதுங்கள். ‘பேச்சில் போன வாரப் பட்ஜெட் என்று வருகிறது, ஆகவே மார்ச்’ என்று ஒரு வரி போதும். அது இல்லாவிட்டால் கிளாஸ்கோவின் 1766 போல உங்கள் ஊகமே உண்மையாக உலவத் தொடங்கும்.

இந்தச் சமவெளிக்கென்றே சில பொறிகள் உண்டு. நாமக்கல் மாவட்டம் பிறந்தது 1997-ல். அதற்கு முந்தைய கேசட்டில் ‘நம்ம சேலம் மாவட்டக் கோழிப் பண்ணைங்க’ என்று சார் சொன்னால் அவர் நாமக்கல்லைத்தான் சொல்கிறார். தருமபுரி பிரிந்தது 1965-ல். அதற்கு முந்தைய ஆண்டுகளின் புள்ளிவிவரத்தை வாசித்தால் ‘சேலம் மாவட்டம்’ என்பது ஓசூர் வரை போகும். பெரியார் பல்கலைக்கழகமும் 1997-ல்தான் வந்தது. அதற்கு முன் இந்தக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ். ஆகவே 1986-ம் ஆண்டுக் கேசட்டின் ‘தாள் மூன்று’ எது என்று அறிய சென்னையின் பழைய பாடத்திட்டத்தைத்தான் தேட வேண்டும். வெளியூர்க்காரர் இதையெல்லாம் கண்டுபிடிக்க மாட்டார். உள்ளூர்க்காரர் நீங்கள் ஒரு வரியில் எழுதிவிடலாம்.

தலைப்பு விஷயத்தில் சேனல் புத்தி வேண்டாம். ‘அசத்தல் கிளாஸ்! மிஸ் பண்ணாதீங்க’ என்று போட்டால் ஒரு நாள் ஓடும். ‘நுகர்வோர் உபரி – பி.ஏ. முதலாண்டு – 1986 – பகுதி 2’ என்று போட்டால், தேர்வுக்கு முந்தின இரவு அதைத் தேடுகிறவர் கையில் ஒவ்வொரு வருடமும் போய்ச் சேரும். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும்.

பலகையில் என்ன இருந்தது?

பொருளியல் பாடத்துக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. இலக்கிய வகுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். இங்கே சார், “இந்தக் கோடு இப்படி எறங்குது பாருங்க, இது இங்க வந்து வெட்டுது, இந்தப் புள்ளியை ஈன்னு வெச்சுக்கங்க” என்பார். சாக்பீஸ் கீறும் சத்தம் கேட்கும். ஒன்றும் தெரியாது.

வழி இருக்கிறது. பாடத்தை இரண்டு முறை கேட்டு, அவர் சொல்லும் வரிசையிலேயே படத்தை வரையுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் எந்தக் கோடு வருகிறது என்று குறித்து, படத்தைப் பதிவோடு சேர்த்து வையுங்கள். கீழே ‘பேச்சைக் கேட்டுப் புதிதாக வரைந்தது, பலகையில் இருந்த படம் அல்ல’ என்று எழுத மறக்காதீர்கள். பழைய மாணவர்களிடம் அந்த வருட நோட்டு இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஒரு நோட்டு கிடைத்தால் பத்துப் படம் கிடைத்த மாதிரி.

உதாரணத்துக்கு ஒன்று. விலை குறைந்தால் வாங்குவது கூடும். அது ஒரே கோட்டின் மேல் நடப்பது. விலை மாறாமலே வாங்குவது குறைந்தால் கோடே இடப்பக்கம் நகரும். இந்த இரண்டையும் மாணவர்கள் எப்போதும் குழப்பிக்கொள்வார்கள். இங்கத்திய ஆசிரியருக்குப் புரட்டாசி போதும். புரட்டாசி பிறந்தால் பாதி வீட்டில் முட்டை கிடையாது; விலை ஏறியதாலா நிறுத்தினார்கள்? இல்லை, பெருமாளுக்காக. கோடு நகர்ந்துவிட்டது. பிறகு அதன் விளைவாகப் பண்ணை விலை இறங்கும், அது அடுத்த கதை. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982-ல் தொடங்கியது. நாமக்கல் மண்டல விலை என்று அது அறிவிக்கும் பண்ணை விலையைப் பேப்பரில் பார்க்கும் வழக்கமுள்ள வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் ஏது? குச்சிக்கிழங்கு, ஜவ்வரிசி, லாரி பாடி கட்டுவது, போர்வெல் வண்டி என்று உங்கள் கேசட்டில் வரும் உள்ளூர் உதாரணங்களைத் தனியாகப் பட்டியல் எடுங்கள். பாடநூலில் கிடைக்காத சரக்கு அதுதான். குறிப்பில் அந்தச் சொற்களைச் சேர்த்தால் தேடுகிறவருக்கும் அகப்படும்.

பேச்சை எழுத்தாக்க முடிந்தால் நல்லது. கணினி தானாக எழுதித் தருவதை நம்பி அப்படியே போடாதீர்கள். ஆங்கில வரையறை, தமிழ் விளக்கம், கொங்குப் பேச்சு மூன்றும் கலந்த வகுப்பில் அது தடுமாறும். என் அனுபவத்தில் ஒரு மணி நேரப் பாடத்தைத் திருத்தி முடிக்க ஒரு முழு நாள் போகிறது. எல்லாவற்றையும் செய்ய ஆளில்லை என்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி என்று உள்ளடக்கக் குறிப்பாவது எழுதுங்கள்.

பழைய கணக்கு, புதிய தேர்வு

கேட்கப் போகிறவர்களில் டிஎன்பிஎஸ்சி, நெட், டிஆர்பி என்று படிப்பவர்கள் கணிசமாக இருப்பார்கள். அங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. 1988-ல் சார் சொன்னதெல்லாம் அன்றைக்குச் சரி. திட்டக் குழு இருந்தது. 2015 முதல் அந்த இடத்தில் நிதி ஆயோக். அந்நியச் செலாவணிக்கு ஃபெரா சட்டம் இருந்தது, அதன் இடத்துக்கு 1999-ன் ஃபெமா சட்டம் வந்தது. ஏகபோகத்தைக் கட்டுப்படுத்திய எம்ஆர்டிபி சட்டத்தின் இடத்துக்கு 2002-ன் போட்டிச் சட்டம் வந்தது. தொழில் தொடங்க உரிமம் வாங்கும் முறை 1991 ஜூலைக்குப் பிறகு பெரும்பாலான தொழில்களுக்கு இல்லை. விற்பனை வரி பற்றிய பாடம் 2017-ன் ஜிஎஸ்டிக்குப் பின் பெரும்பாலும் வரலாறாகிவிட்டது. குறிப்பு படிக்காமல் காதில் மாட்டிக்கொண்ட பிள்ளை, தேர்வில் அதை அப்படியே எழுதிவிட்டு வரும்.

ஆகவே குறிப்பின் முதல் வரியிலேயே ஆண்டைப் போடுங்கள். அடுத்த வரியில் ‘இதில் வரும் சட்டங்கள், புள்ளிவிவரங்கள் அந்த ஆண்டுக்குரியவை’ என்று எழுதி, மாறிப்போன இரண்டு மூன்றைப் பெயர் சொல்லுங்கள். ஒலியில் திருத்தம் செருகாதீர்கள். தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி போன்ற பகுதிகளை மாணவர்களுக்கான வரிசையிலும், இந்தியப் பொருளாதாரம் தாளை வரலாற்றுப் பதிவு என்ற வரிசையிலும் பிரித்து வைத்தால் பாதிக் குழப்பம் போய்விடும். என்னைக் கேட்டால் இரண்டாவது வரிசைதான் தங்கம். தாராளமயத்துக்கு மூன்று ஆண்டு முன்பு, ஒரு மாவட்டக் கல்லூரி ஆசிரியர் உரிம முறையைப் பற்றி இருபது வயதுப் பிள்ளைகளிடம் என்ன சொன்னார் என்பது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

எங்கே, யார் பெயரில்?

யூடியூப் ஆட்களைக் கொண்டுவரும். பத்திரத்துக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ்; 1996 முதல் இருக்கிறது, விவரக் குறிப்பை விரிவாக எழுத இடம் தருகிறது, மூலக் கோப்பையும் தாங்கும். இரண்டிலும் வையுங்கள். மூலப் பிரதி மூன்று இருக்கட்டும்: துறைக் கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு கட்டடத்தில் ஒன்று. குடும்பத்துக்கு ஒரு பென் டிரைவ், இணையத்துக்குப் போவதற்கு முன்பே.

கணக்கை உங்கள் சொந்த ஜிமெயிலில் தொடங்காதீர்கள். கௌரவ விரிவுரையாளராக இருந்தால் அடுத்த கல்வியாண்டு அதே கல்லூரியில் இருப்பீர்களா என்பது உங்களுக்கே தெரியாது. துறையின் பெயரில் கணக்கு, கடவுச்சொல் இரண்டு பேரிடம், அதில் ஒருவர் நிரந்தரப் பணியாளர். இதைத் துறைத் தலைவரிடம் சொல்லும்போது, “சார், நான் போனாலும் இது நிக்கணும்ங்க” என்று சொல்லுங்கள். மறுக்க மாட்டார்.

உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் பேசிவிடுவோம். யுஜிசியின் 2018-ம் ஆண்டு ஒழுங்குமுறையில் மின்பாடம் உருவாக்குவதற்குப் புள்ளிகள் உண்டு. அது நீங்கள் உருவாக்கும் பாடத்துக்கு. இன்னொருவரின் வகுப்பை அந்தக் கட்டத்தில் காட்டாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள். பயோடேட்டாவில் வேறு மாதிரி எழுதலாம்: ‘60 மணி நேர ஒலிப்பதிவை மின்மயமாக்கி, உரிமை ஒப்புதல் பெற்று, விவர அட்டவணையோடு வெளியிட்டது.’ மூன்றுமே செய்து பழகிய ஆள் அரிது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், இலங்கைத் தமிழர்களின் நூலகம் திட்டம் என்று ஆவணம் காக்கும் இடங்களில் இந்த வேலையின் அருமை தெரியும். நேர்முகத்துக்குப் போகும்போது ஒரு கேசட்டின் முழுக் குறிப்பை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். சேனலின் பார்வை எண்ணிக்கையைக் காட்டுவதைவிட அது பேசும்.

எல்லாம் முடிந்தபின் கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செருப்புப் பெட்டியை மாற்றி, ஒவ்வொன்றின் மேல்தாளிலும் புதிய எண்ணை பென்சிலில் எழுதி, நிமிர்த்தி அடுக்கி நூலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பழைய தாளைக் கிழிக்க வேண்டாம். ‘சார் – எக்கனாமிக்ஸ் – 2’ என்ற அந்தக் கையெழுத்து யாருடையது என்று இன்னும் தெரியவில்லை அல்லவா? அதைப் படம் எடுத்து முதல் பதிவோடு சேர்த்துப் போடுங்கள். முன் பெஞ்சில் டேப் ரெக்கார்டர் வைத்தவருக்கு இப்போது அறுபது வயது இருக்கும். தன் எழுத்து அவருக்கு அடையாளம் தெரியும். ஒன்றாம் எண் கேசட்டும் அவரிடம்தான் இருக்கும்.